மல்சுன் அக்காவின் பங்கு

மல்சுன் என்றால் கடைசிப்பெண் என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் போன எரிச்சலில், இத்தோடு போதும் என்று அப்பா வைத்த பெயர். அடுத்ததாகப் பையன் பிறந்தான். வீட்டில் மீன் வறுத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கும் அவனுக்கும், தலையும் வாலும் பெண்களுக்கு என்று வளர்ந்தவள் அவள். இதை எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில். நான் இதை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன். ஏனென்றால், அவள் பின்னால் செய்ததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று யாராவது ஆரம்பித்தால் அக்காவுக்குக் கோபம் வரும். "அது எங்க வீட்டு மீனு. இது உங்க களவாணித்தனம். ரெண்டையும் குழப்பாதீங்க" என்பாள்.

தென்கொரியாவில் மாசான் என்ற துறைமுக ஊரில், ஏற்றுமதி வளாகத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை அவள் ஓட்டினாள். காலையில் ஆட்களைக் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நடுவில் பகல் பூராவும் சும்மா. டெப்போவில் ஓர் ஓய்வறை உண்டு. ஆண் டிரைவர்கள் பனியனோடு படுத்துக் கிடந்து சீட்டாடுவார்கள். பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். அவள் உள்ளே வந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், பேச்சை மட்டும் நிறுத்திவிடுவார்கள். அதற்குத் திட்டியே விடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாடியில் இருந்த பிசி பாங்குக்கு வர ஆரம்பித்தாள். மணிக்கணக்குக்கு கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும் கடை அது. அவள் வந்தது விளையாட அல்ல, தூங்க. அங்கே நாற்காலிகள் நன்றாகப் பின்னால் சாயும்.

கடை முதலாளியம்மா ஓக்ஹி கறாரானவள். நாற்காலியில் உட்கார்ந்தால் கம்ப்யூட்டரும் ஓடியாக வேண்டும், இது லாட்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டாள். வாடகை கொடுத்துவிட்டு இருட்டுத் திரையைப் பார்ப்பானேன் என்று பக்கத்து நாற்காலிக்காரனிடம், "ஏம்ப்பா, இதுல எல்லாரும் அப்படி என்னதான் பண்றீங்க?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரன் நான். பெயர் தோங்பில். வீடுவீடாகப் போய் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். எனக்கும் வேலை விட்டுவிட்டுத்தான் வரும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அது. 'ஒன்பது கணவாய்' என்ற ஆன்லைன் விளையாட்டு எங்கள் ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நாட்டின் எந்த மூலையில் இருப்பவனும் ஒரே காட்டில், ஒரே மலையில் வந்து நிற்கலாம். ஆளுக்கொரு வேஷம் எடுத்து, படையாகச் சேர்ந்து, பெரிய மிருகங்களை வேட்டையாட வேண்டும். மிருகம் செத்தால் வாளோ கவசமோ மோதிரமோ கீழே விழும். அந்தப் பொருளுக்காகத்தான் எல்லாப் பாடும். நான் கேடயக்காரன். முன்னால் நின்று அடி வாங்குவது என் வேலை. அக்காவுக்கு எல்லா வேஷத்தையும் காட்டினேன். வாள் வேண்டாம், வில் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்து வைத்தியரைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்று, யார் ரத்தம் குறைகிறது என்று பார்த்துப் பார்த்து மந்திரம் போட்டு ஏற்ற வேண்டும்.

"இது நான் தினம் பண்றதுதான். பின்னாடி இருக்கிற நாப்பது பேரையும் கண்ணாடில பாத்துக்கிட்டேதானே வண்டி ஓட்டுறேன்" என்றாள்.

நான் கேடயக்காரன் என்பதால் அடித்துச் சொல்ல முடியும், அவளைப் போல ஒரு வைத்தியர் எங்கள் படைக்கு அதற்கு முன் வந்ததில்லை. நம் ரத்தக்கோடு குறைந்து, பயம் வந்து, கூப்பிடலாமா என்று யோசிக்கும்போதே ஏறியிருக்கும்.

எங்கள் படைக்குக் கருங்கழுகு என்று பெயர். தலைவன் சா கிபொம். கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் விற்கிறவன். அக்காவைவிடச் சின்னவன். ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்களில் பாதிப்பேர் ஓக்ஹியின் கடையில் கூடுவோம். மீதிப்பேர் வேறு ஊர்களில் இருந்து அவரவர் திரையில் வந்து சேர்ந்துகொள்வார்கள். கிபொம் எல்லோருக்கும் ராம்யான் நூடுல்ஸ் வாங்கித் தருவான், தோளில் தட்டுவான், பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேட்டையில் விழுகிற பொருள் அத்தனையும் அவன் பெட்டிக்குத்தான் போகும். அவன்தான் பிரிப்பான். அடிக்கிறவர்களுக்கு முதலில், அடிக்கிறவர்களிலும் அவனுக்கு நெருங்கினவர்களுக்கு முதலில். வைத்தியர்களுக்கு ஒன்றும் கிடையாது. மந்திரம் போட வேண்டிய கற்களைக்கூட அவர்களே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். படை வளர்ந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்பான். நாங்களும் தலையாட்டுவோம்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இமூகியைக் கொன்றோம். டிராகன் ஆக ஆசைப்பட்டு, ஆக முடியாமல் ஏரிக்குள் கிடக்கும் பெரும்பாம்பு அது. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை எங்களை விழுங்கியிருக்கிறது. அன்றைக்கு அக்கா ஒருவரைக்கூடச் சாகவிடவில்லை. பாம்பு சாய்ந்ததும் கீழே விழுந்தது ஒரு வெண்பைன் கம்பு. வைத்தியர்கள் மட்டுமே பிடிக்கக்கூடிய கம்பு. எங்கள் சர்வரில் அதை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். கடையில் இருந்த எல்லோரும் நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தோம். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிபொம் கம்பை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டான். ஒரு வாரம் கழித்து, அது ஜின்ஜுவில் இருக்கும் ஒரு பெரிய வாள்வீரனுக்குப் போகிறது என்று தெரிந்தது. அவனை வேறு படையிலிருந்து இழுக்கக் கிபொம் கொடுக்கும் சீர் அது.

அக்கா எழுந்து அவன் நாற்காலிக்குப் போனாள்.

"வாள்காரனுக்கு வைத்தியர் கம்பு எதுக்கு, தலைவரே?"

"வித்துக்குவான். இல்ல மாத்திக்குவான். இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு எதுக்கு அக்கா? நீங்க பின்னாடி நின்னு தண்ணி தெளிக்கிறீங்க. முன்னாடி நின்னு உயிரைக் குடுக்கிறது நாங்க."

"சரி. நீ குடுக்கிற அந்த உயிரை உனக்கு யாரு குடுக்கிறா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கிபொமின் காது சிவந்தது. அவன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கு அப்புறம் அக்கா அவனைத் தலைவரே என்று கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலப் பஸ்ஸை எடுக்கப் போகும் முன் அவள், படையில் உள்ள எல்லோரும் பார்க்கும்படி சில வரிகள் எழுதினாள். விழுகிற பொருளுக்கு, அங்கே நின்ற அத்தனை பேரும் பகடை போட வேண்டும். பெரிய எண் விழுந்தவருக்குப் பொருள். வாங்கினவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எல்லோரும் ஒரு சுற்று வாங்கின பிறகுதான் அவருக்கு மறுபடி முறை. அடிக்கிறவர், வைத்தியர், நேற்று வந்தவர் என்ற பேதம் கிடையாது. தலைவருக்கும் இதேதான்.

வந்த எதிர்ப்புகளில் ஞாயமானதும் இருந்தது. வைத்தியருக்கு வாள் விழுந்தால் வீண்தானே, நல்ல வாள் நல்ல கையில் இருந்தால் படைக்கே பாதுகாப்புதானே என்று கேட்டார்கள். நானேகூட அப்படித்தான் நினைத்தேன். அக்கா, "வீணாப் போனா என் பங்கு வீணாப் போகட்டும். என்னோடது வீணாகக் கூடாதுன்னு நீ எடுத்து வெச்சுக்கிறதுக்குப் பேரு அக்கறையா?" என்றாள். கிபொம் ஒரே ஒரு வரி எழுதினான். பிடிக்காதவர்கள் போகலாம்.

அவள் போகவில்லை. மற்ற வைத்தியர்களைப் பிடித்தாள். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் இன்னொரு வைத்தியர் இக்சு அண்ணன். ஓதோங்தோங் தெருவில் ஒரு ஹோட்டலில் நாள் பூராவும் கடல்தவளை மீன் கழுவுகிறவர். அவருடைய சட்டை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். ஐம்பதைத் தாண்டியவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர். இந்தப் படையை விட்டால் தன்னிடம் பேச ஊரில் ஆளே இல்லை, தன்னை விட்டுவிடு என்று அவர் அக்காவிடம் கெஞ்சியிருக்கிறார். பேசுகிறார்கள் சரி, வருஷக்கணக்காக அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவர் யோசித்துப் பார்த்து, ராம்யான் என்றாராம். அதைச் சொன்னதும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. வெளியூர் வைத்தியர்களிடம் அவள் தினமும் மத்தியானம் விரல் ஒன்றால் தட்டித் தட்டிப் பேசினாள். தேகுவில் ஒரு பல் டாக்டர், தொங்யோங்கில் ஒரு மடத்துச் சமையற்காரர் என்று எல்லோரும் கடைசியில் சரி என்றார்கள்.

மறைத்துச் செய்யவில்லை. கிபொமின் மோட்டார் சைக்கிள் கடைக்கே நேரில் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைச் சண்டைக்கு வைத்தியர்கள் எல்லோரும் வருவோம், ஆனால் பங்கு விதி மாறவில்லை என்றால் மந்திரம் போடாமல் உட்கார்ந்துவிடுவோம் என்றாள். அவன் அவளுக்கு டப்பா காபி கொடுத்து அனுப்பினான். மிரட்டுகிறாள், சண்டை தொடங்கினால் கை சும்மா இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நாற்காலி கிடைக்காத கூட்டம். கருங்கழுகு பிடித்து வைத்திருந்த கோட்டையைப் பறிக்க வேறொரு படை வந்துகொண்டிருந்தது. நாங்கள் வாசலில் கேடயத்தோடு நின்றோம். எங்களுக்குப் பின்னால் மேட்டில் வைத்தியர்கள் வந்து நின்றார்கள், வெள்ளை அங்கியும் பழைய கருவாலிமரக் கம்புமாக. எதிரிகள் வாசலில் மோதிய நேரத்தில் அக்காவின் உருவம் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பக்கத்தில் பல் டாக்டர் உட்கார்ந்தார். அப்புறம் வரிசையாக எல்லோரும். இக்சு அண்ணன் கடைசியாக உட்கார்ந்தார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தார். உட்கார்ந்ததும் ஈரச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் சரம்சரமாக விழுந்தோம். விழுந்தவன் ஊருக்குள் உயிர்த்து, ஓடி வந்து, மறுபடி விழுந்தான். கடையில் கத்தல். அடே வைத்தியா, அக்கா, அண்ணே, கெஞ்சல், வசவு, எல்லாம். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிபொம் எழுந்து வந்தான். குனிந்து, அவள் கம்ப்யூட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். திரை அணைந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு, காலியாகிவிட்டிருந்த இன்னொரு நாற்காலிக்குப் போய், கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தட்டி, மறுபடி உள்ளே நுழைந்து, மேட்டுக்கு நடந்து போய், அதே இடத்தில் உட்கார்ந்தாள். கிபொம் அங்கேயும் வந்து பிடுங்கினான். ஓக்ஹி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, இன்னொரு தடவை என் கம்பியில் கை வைத்தால் கடைக்குள்ளேயே விடமாட்டேன் என்றாள். அக்கா சுற்றிப் பார்த்தாள். காலி நாற்காலி இல்லை.

நான் எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. ஏற்கனவே செத்துக் கிடந்தேன், எனக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனால் எழுந்தவனைக் கிபொம் பார்த்த பார்வையில், இனி நானும் அந்தப் பக்கம்தான் என்று புரிந்தது. அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது முறையாக மேட்டுக்கு நடந்துபோனாள். அதற்குள் கோட்டை போய்விட்டது.

அன்றே எங்களைப் படையிலிருந்து நீக்கினான். அத்தோடு விடவில்லை. மல்சுன் எங்கே தென்பட்டாலும் வெட்ட வேண்டும் என்று படை முழுவதற்கும் உத்தரவு போட்டான். ஊர் மதிலுக்குள் யாரையும் யாரும் தாக்க முடியாது. வாசலைத் தாண்டினால் முடியும். வாசலிலேயே ஆட்கள் நின்றார்கள். அக்கா தினமும் மத்தியானம் வந்து, நேராக வாசலுக்கு வெளியே நடப்பாள். வெட்டுவார்கள். உயிர்த்து எழுந்து மறுபடி நடப்பாள். வேறு பெயரில், வேறு வேஷத்தில் வரலாமே என்று எத்தனையோ பேர் சொன்னோம்.

"நான் எதுக்குப் பேரை மாத்தணும்? திருடுனது நானா?" என்றாள்.

செத்துச் செத்து அவளுடைய லெவல் இறங்கிக்கொண்டே போனது. சேர்த்து வைத்திருந்த மந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் டிபனைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி நடப்பாள்.

இதற்கு நடுவில் டெப்போவுக்கு யாரோ போன் போட்டு, உங்கள் பெண் டிரைவர் வேலை நேரத்தில் பிசி பாங்கில் கிடக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். கிபொம்தான் என்று எங்களுக்குச் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. மேனேஜர் கூப்பிட்டு, பயணிகள் உயிர் உங்கள் கையில் இருக்கிறது, இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று தன்மையாக ஆரம்பித்தாராம். ஓய்வு நேரத்தில் அவள் எங்கே உட்கார்ந்தால் கம்பெனிக்கு என்ன என்று அக்கா கேட்டிருக்கிறாள். அதற்கும் மேலே அவர் பேசவே, "சீட்டாடுறவங்க கண்ணு கெடாதா சார்? எனக்கு எழுதற மெமோவை அவங்களுக்கும் சேத்து எழுதுங்க. நான் மொதல்ல கையெழுத்துப் போடுறேன்" என்றாள். மெமோ வரவில்லை. ஓய்வறையில் இருந்த ஒரு டிரைவர் அடுத்த வாரம் அவளோடு மாடிக்கு வந்து, என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டு, வில்லாளியாகச் சேர்ந்தும் விட்டார்.

ஏனென்றால் அதற்குள் வாசலில் அவளோடு நடக்க ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் நானும் இக்சு அண்ணனும். பிறகு மற்ற வைத்தியர்கள். பிறகு, கருங்கழுகில் வருஷக்கணக்காக வெறுங்கையோடு திரும்பிய வில்லாளிகள். வேறு படைகளில் இதே கதையை அனுபவித்தவர்கள்கூட, பெயர் தெரியாதவர்கள், நடந்து வந்து எங்களோடு செத்தார்கள். வெட்டுகிறவர்களுக்கே சலித்துப்போய், ஒருநாள் மத்தியானம் வாசலில் யாரும் இல்லை. நாங்கள் நடந்துகொண்டே போனோம். பாலம் வரைக்கும் போன பிறகுதான், இன்றைக்கு யாரும் சாகவில்லை என்று இக்சு அண்ணன் சொன்னார்.

அப்படிச் சேர்ந்தவர்கள்தான் 'ஒரு சட்டி' ஆனோம். ஒரே சட்டிச் சோறு தின்கிறவர்கள் என்று பெயர் வைத்தது மடத்துச் சமையற்காரர். விதி, அக்கா எழுதிய அதே வரிகள்தான். தலைவர் யார் என்று கேட்டபோது, பெட்டி இல்லாத இடத்தில் தலைவர் எதற்கு என்றாள். விழுந்த பொருள் விழுந்த இடத்திலேயே, எல்லோர் கண்ணெதிரிலும் பகடைக்குப் போகும்.

இது சொர்க்கமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாள்வீரனுக்கு வில் விழும், வில்லாளிக்கு மந்திர அங்கி விழும், மாற்றிக்கொள்ளச் சந்தையில் நாள்கணக்காக அலைய வேண்டும். மற்ற படைகள் மளமளவென்று வளர்ந்தன, நாங்கள் தட்டுத்தடுமாறி நின்றோம். பொருள் கிடைத்த மறுநாளே ஓடிப்போனவர்களும் உண்டு. ஒரு டாக்சி டிரைவர் முதல் வேட்டையிலேயே நல்ல கவசத்தை ஜெயித்து, அப்படியே காணாமல் போனார். துரத்தி வெட்டலாம் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். அக்கா விடவில்லை. "அவர் பங்கை அவர் எடுத்துக்கிட்டுப் போறார். நம்ம பங்கையா எடுத்துக்கிட்டார்?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எங்களுக்கு ஆறவில்லை.

வேறு படைகளில் தகராறு வந்தால் அவளைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நீங்களே பிரித்துக் கொடுங்கள், கேட்டுக்கொள்கிறோம் என்பார்கள். ஒருவருக்கும் அவள் பிரித்துக் கொடுத்ததில்லை. தான் பிரித்தால் தானும் ஒரு கிபொம்தான், பேசாமல் பகடையைப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

கருங்கழுகு உடைந்தது எங்களால் மட்டும் அல்ல. கம்பு வாங்கிக்கொண்டு வந்தானே ஜின்ஜு வாள்வீரன், அவன் ஒரு வருஷத்துக்குள் படையில் பாதியைக் கிளப்பிக்கொண்டு, பெட்டிச் சாவியையும் எப்படியோ வாங்கிக்கொண்டு போய்விட்டான். கிபொம் கடைக்கு வருவதை நிறுத்தினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒன்றும் இல்லாத வாளோடு, அதே பழைய பெயரில். நேராக அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தானும் சேரலாமா என்று கேட்டான்.

"எல்லாரும் நிக்கிற வரிசைதான். நிக்க முடியும்னா நில்லு" என்றாள் அக்கா.

வேண்டாம் என்று முதலில் சொன்னது இக்சு அண்ணன். எதிர்த்துப் பேசாத மனிதர் அன்று எழுந்து நின்று பேசினார். நம்மை எத்தனை தடவை வெட்டினான், உன் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தான், இவனுக்கும் பங்கா என்று கேட்டார். நாங்களும் அவர் பக்கம்தான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தனக்கும் அவனைப் பிடிக்கவில்லை என்று கிபொமின் முகத்துக்கு நேரே சொன்னாள். ஆனால் பிடித்தவர்களுக்கு மட்டும் பங்கு என்று எழுதினால் அது கருங்கழுகின் விதி, தன்னுடையது அல்ல என்றாள். கிபொம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் மறுபடி இமூகி. கிபொமும் நின்றான், நன்றாகவே அடித்தான். பாம்பு சாய்ந்தது. விழுந்தது வெண்பைன் கம்பு.

இந்தத் தடவையும் எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தோம். பகடையெல்லாம் வேண்டாம், அக்காவே எடுத்துக்கொள்ளட்டும் என்று பல் டாக்டர் எழுதினார். ஆமாம் ஆமாம் என்று வரிசையாக வரிகள் வந்தன. அக்கா ஒற்றை விரலால் தட்டினாள்: பகடை போடுங்கள்.

போட்டோம். பெரிய எண் கிபொமுக்கு விழுந்தது.

கிபொமே திரையை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து அக்கா பக்கத்தில் நின்றான். அவன் சொன்னதில் நடிப்பு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"அக்கா, இதை நீங்களே வெச்சுக்குங்க. அப்பவே உங்களுக்குக் குடுத்திருக்கணும்."

"வேணாம்."

"மனசாரக் குடுக்கிறேன் அக்கா."

"தெரியுது. நீ குடுத்து நான் வாங்கிக்கிறதுக்கா இவ்வளவும் பண்ணேன்? அப்பவும் உன் கையிலிருந்துதான், இப்பவும் உன் கையிலிருந்துதான்னா, நடுவுல இத்தனை தடவை எதுக்குச் செத்தேன்? அது உன் பங்கு. எடுத்துக்கிட்டுப் போ. வித்துக்கோ, ஒடைச்சுக்கோ, எனக்கென்ன."

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கெல்லாம் ரத்தம் குறைந்திருக்கிறது என்று ஒவ்வொருவராக ஏற்ற ஆரம்பித்தாள். கிபொமுக்கும் ஏற்றினாள்.

மறு வாரம் அவன் கம்பைச் சந்தையில் மாற்றித் தனக்கு ஒரு தலைக்கவசம் வாங்கிக்கொண்டான். இக்சு அண்ணனுக்கு அக்காமேல் வந்த கோபம் தணிய வெகுநாள் ஆயிற்று. பிடிவாதம் பிடித்துக் கைக்கு வந்ததைத் தள்ளிவிட்டாய், இப்போது அவன் தலையில் பளபளக்கிறது பார் என்று கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே, நன்றாகப் போட்டுக்கொள்ளட்டும் அண்ணே, வரிசையில் கடைசிக்குப் போய்விட்டான் இல்லையா என்றாள்.

அந்தக் கம்பு அவளுக்குக் கிடைக்கவே இல்லை. அப்புறமும் இமூகியைக் கொன்றோம், அது மறுபடி விழவில்லை.

அவளுக்குப் பகடையில் முதன்முதலாக விழுந்தது ஒரு கோடாரி. கோடைக்காலத்தில், பனிக்குகைப் பூதம் ஒன்றை அடித்தபோது. இரட்டை வாய்க் கோடாரி, ஆள் உயரம், வாள்வீரர்கள் பார்த்தாலே எச்சில் ஊறும். வைத்தியர் அதைத் தூக்கவே முடியாது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிபொமின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விலை பேசினான். மாற்றுக்கு நல்ல கம்பு ஒன்றைத் தேடிக் கொண்டுவருவதாகச் சொன்னான். அக்கா கோடாரியைத் தன் சொந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிபொம் ராம்யான் கிண்ணத்தோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கோடாரியை என்ன செய்யப்போகிறீர்கள் அக்கா என்று கேட்பான்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல" என்பாள் அவள்.